இடுப்பில் விட்ட இரண்டு விரல் துணி

அந்தக் கடைத்தெருவில் யார் எவ்வளவு பெருத்திருக்கிறார்கள் என்ற விவரம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் முழுசாகத் தெரியும். அவர் அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். மூன்று மாடிக் கடைத் தொகுதியில் முதல் மாடிப் படி ஏறியதும் இடது கைப் பக்கம் இருக்கிற எட்டடிக் கடை அவருடையது. புதுத்துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான் தொழில். பலகையில் 'ஆல்ட்ரேஷன்' என்று ஒரே சொல். எல்லாரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டுவிடுவோம்.

மாஸ்டருடைய தொழிலில் பாதி கை, பாதி வாய். ஒரு ஆள் பேன்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, பிடரியைச் சொறிந்துகொண்டு, "மாஸ்டர், இது கொஞ்சம்..." என்று இழுக்கும்போதே அவருக்குப் புரிந்துவிடும். கழுத்தில் கிடக்கும் டேப்பை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். எண்ணைச் சத்தமாகச் சொல்ல மாட்டார். "துணி சுருங்கிப்போச்சு சார். இந்த ரகமே இப்படித்தான், ரெண்டு தண்ணி பட்டா போதும்" என்பார். வந்தவர் முகத்தில் விளக்கெரியும். "அதான் பார்த்தேன்!" என்று தெம்பாகப் படி இறங்கிப் போவார்.

முப்பது வருஷமாக இதே வசனம். அவர் சொன்ன கணக்குக்குத் துணிகள் நிஜமாகவே சுருங்கியிருந்தால் உலகத்தில் ஒரு நெசவாலை மிஞ்சியிருக்காது. ஆனாலும் யாரும் கேள்வி கேட்கவில்லை. நோகாமல் பிரித்துவிடுகிற மனுஷன் என்று அவருக்கு நல்ல பெயர். வேடிக்கை என்னவென்றால், ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கடைசியில் சொன்னவனே நம்பிவிடுகிறான். மாஸ்டருடைய சொந்தப் பேன்டும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுருங்கியது. அவரும் சலிக்காமல் மதிய வேளையில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, பின்பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியில் அரை இஞ்சை வெளியே எடுத்துத் தைத்துக்கொண்டார். மற்ற ஆண்களுக்கெல்லாம் பேன்ட் ஒரு நாள் மூச்சு முட்டவைத்துச் சேதி சொல்லும். மாஸ்டருக்கு அந்தச் சேதி வரவே இல்லை, வருவதற்குள் தைத்துவிடுவார்.

அவர் சாப்பிடுகிற அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலையில் வெறும் டீ. கடை திறந்ததும் எதிர்க் கடை பேக்கரியிலிருந்து ஒரு டீ, இரண்டு பன். பதினொரு மணிக்கு ஒரு டீ, கூடவே ஏதாவது. மனைவி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் மிஷினுக்கு அடியில் நாலு மணி வரைக்கும் தூங்கும். அதன்பிறகு வலது காலால் மிஷினை ஓட்டிக்கொண்டே இடது கையால் நாலு வாய் அள்ளிப் போடுவார். என்ன காய் என்று கேட்டால் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, பகல் முழுக்கச் சாப்பிடாததற்கும் சேர்த்து வெளுத்துக்கட்டிவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார். "எனக்கு உடம்புல ஒரு குறையும் இல்லை. நான் சாப்பிடுறதே இல்லையே!" என்று இதே மனுஷன் பெருமையும் பேசுவார்.

அவர் மனைவிக்கு இது தீராத ஆத்திரம். ஏனென்றால் அந்த அம்மாள் வேலை பார்ப்பது காய்கனி மண்டியில். மண்டித் தராசு அவர் கையில்தான். அதனால் அங்கே அவருக்குத் தராசக்கா என்றே பெயராகிவிட்டது. எந்தக் காய் எந்த வாரம் வந்து குவியும், எது குளிர்ப்பெட்டியில் கிடந்து உயிர்விட்டு வந்தது, எந்த ஆரஞ்சில் சாறு இருக்கும், எதில் வெறும் தோல் இருக்கும் என்று தூக்கிப் பார்த்தே சொல்லுவார். அப்பேர்ப்பட்டவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டுவந்து சமைத்த பட்டாணியை ஒருவர் சட்டை பட்டனையும் பார்த்துக்கொண்டே விழுங்கினால் கோபம் வராதா?

கதை தொடங்குவது ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை. வியாபாரிகள் சங்கம் கீழ்த்தளத்தில் இலவச மருத்துவ முகாம் வைத்திருந்தது. வருகிறவர்களுக்குப் பேனா ஒன்று இலவசம். மாஸ்டர் போனது பேனாவுக்காகத்தான், அதை அவரே ஒப்புக்கொள்வார். ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். பிறகு நர்சம்மா ஒரு டேப்பை எடுத்து அவர் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார்.

"நாப்பத்திரெண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"எதும்மா நாப்பத்திரெண்டு?"

"இடுப்பு."

"யாரோடது?"

"உங்களோடதுதான் சார். பின்னால நிக்கிறவர் இடுப்பை உங்க சீட்டுல எழுதுவேனா?"

மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. டேப் பிடிக்கிற விஷயத்தில் அவரை யாரும் திருத்தியதில்லை. "அம்மா, நான் முப்பது வருஷமா டேப் பிடிக்கிறவன். என் இடுப்பு முப்பத்தாறு. உங்க டேப்புல ஏதோ கோளாறு" என்று தன் கழுத்து டேப்பை உருவி, பேன்ட் போடுகிற இடத்தில், அதாவது தொந்திக்குக் கீழே, சுற்றி ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். "பாருங்க! முப்பத்தாறு."

நர்சம்மா குனிந்து பார்த்தார். "சார், அது நீங்க பேன்ட்டை மாட்டுற இடம். நான் அளந்தது வயிறு இருக்கிற இடத்தை."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு அவர் துணி சுருங்கிப்போன கதை சொன்னவர்தான். மாஸ்டர் பேனாவைக்கூட வாங்காமல் படி ஏறிவிட்டார்.

மறுநாள் ரத்த முடிவு வந்தது. நர்சம்மாவே கடைக்கு வந்து கொடுத்தார். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "மூணு மாசச் சர்க்கரை சராசரி ஆறு புள்ளி மூணு வந்திருக்கு சார். நோய் வந்துடுச்சுன்னு அர்த்தமில்லை, வாசப்படியில நிக்குறீங்க. இப்பவே திரும்பி நடந்தா வந்துடலாம். டாக்டர் மாத்திரை இப்ப வேண்டாம்னுட்டார். சாப்பாட்டை மாத்துங்க, நேரத்தை மாத்துங்க, கொஞ்சம் நடங்க. நாலு மாசம் கழிச்சு மறுபடியும் பார்ப்போம்" என்றார்.

சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டதும் மாஸ்டருக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவருடைய அப்பாவும் தையல்காரர்தான். நாற்பது வயதில் சர்க்கரை வந்தது, வந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. நாற்பத்தேழில் பார்வை போனது. கை ஓடும், மிஷின் ஓடும், ஊசிக் காதுதான் தெரியாது. மாஸ்டர் பள்ளிக்கூடம் போகிறதுக்கு முன்னால் தினமும் இருபது ஊசியில் நூல் கோத்து, அப்பா மேசையில் இருக்கும் துணிப்பந்தில் குத்தி வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் திரும்பி வந்தால், சில நாள் இருபதும் மதியத்திலேயே தீர்ந்து, அப்பா கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். வேலை இருந்தும் சும்மா உட்கார்ந்திருந்த அந்த அப்பாவை மாஸ்டரால் மறக்க முடிந்ததே இல்லை. இப்போது மாஸ்டருக்கு நாற்பத்தேழு நடக்கிறது.

ஆனாலும் மனுஷன் வீட்டுக்குப் போய் சர்க்கரையைப் பற்றி மூச்சு விடவில்லை. பயந்தவர்கள் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொள்வார்கள் அல்லவா, அந்த மாதிரி டேப்பைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மாவுக்கு டேப் பிடிக்கவே தெரியலை. ஆறு இஞ்சு தப்பா எழுதிட்டாங்க."

தராசக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "எங்க மண்டித் தராசுக்கு வருஷா வருஷம் ஆள் வந்து சோதிச்சு முத்திரை வெச்சுட்டுப் போறாங்க. உங்க டேப்புக்கு யாருங்க முத்திரை வெச்சது?"

மாஸ்டர் கழுத்து டேப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒருத்தர் தொழிலை இன்னொரு தொழில்காரர் கேள்வி கேட்டால் வருகிற சங்கடம் அது. அடுத்த நாள் காலையில் இரண்டு பேருமாகக் கடைக்குப் போனார்கள். மேசையில் ஒரு கெஜ நீளத்துக்கு இரும்புக்கோல் ஒன்று உண்டு, முப்பத்தாறு இஞ்சு. தராசக்கா டேப்பை அதன்மேல் நீட்டி வைத்தார். கோல் முடிகிற இடத்தில் டேப் முப்பத்தைந்தைக்கூடத் தொடவில்லை. பன்னிரண்டு வருஷம் கழுத்தில் தொங்கி, தினமும் நூறு இழுப்பு வாங்கி, டேப் நீண்டுபோயிருந்தது.

"ஐயையோ! பன்னெண்டு வருஷமா ஊர் முழுக்கத் தப்பா தைச்சிருக்கேனா!" என்று மாஸ்டர் தலையில் கை வைத்துவிட்டார். பிறகுதான் உறைத்தது. ஆளையும் அதே டேப்பால் அளந்தார், துணியையும் அதே டேப்பால் அளந்தார். இரண்டிலும் ஒரே பிசகு, அதனால் எல்லாருக்கும் எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஒரு புகார்கூட வராததில் ஆச்சரியமில்லை.

தராசக்கா அதோடு விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாஸ்டருடைய நாலு பேன்டையும் உள்புறம் வெளியே தெரியத் திருப்பிக் கட்டிலில் விரித்தார். பின்தையலை ஒட்டிப் பழைய ஊசி ஓட்டைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. விரலால் தொட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"அஞ்சு தடவை துணி சுருங்கிச்சா?"

மாஸ்டர் அசடு வழிந்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அந்த ரத்தச் சீட்டை எடுத்து நீட்டினார். தராசக்கா படித்தார். இருபது ஊசிக் கதை கல்யாணமான புதிதிலிருந்தே அவருக்குத் தெரியும். மகள் வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறாள். "எனக்கு ஊசி கோத்துக் குடுக்க யாரும்மா இருக்கா?" என்று மாஸ்டர் கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். அவர் அழுது தராசக்கா பார்த்தது அதுதான் முதல் தடவை.

அழுது முடித்ததும் மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். அலமாரியைத் திறந்து பெரிய கத்தரியை எடுத்தார்.

அந்தக் கத்தரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் தராசக்கா அதைத் தொட்டதில்லை. ஒரு தடவை பால் பாக்கெட் வெட்ட எடுத்ததற்கு மாஸ்டர் இரண்டு நாள் பேசவில்லை. அந்தக் கத்தரியை இப்போது மனைவி கையில் கொடுத்து, "உள்ளே விட்டிருக்கிற துணியை வெட்டிடு. நாலுலயும்" என்றார்.

தையல் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பின்தையலுக்குள் விட்டிருக்கும் அந்த இரண்டு விரல் துணிதான் பேன்டின் எதிர்காலம். அதை வெட்டிவிட்டால் பிறகு யார் தலைகீழாக நின்றாலும் பிரித்துவிட முடியாது. மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கத்தரி கரகரவென்று நாலு தடவை ஓடியது. "புதுசா ஒண்ணு தைச்சுக்கிட்டா?" என்று தராசக்கா கேட்டதற்கு, "நாலு மாசத்துக்கு எனக்குப் புதுத்துணி கிடையாது. இந்த நாலுதான். இதுக்குள்ள நான் இருக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டுச் சமையல் மண்டியைப் பார்த்து நடந்தது. தராசக்காவின் விதி ரொம்பச் சுலபமானது. எந்தக் கூடை அன்றைக்கு வழிந்து நிற்கிறதோ அதுதான் வீட்டுக்கு வரும். குளிர் இருந்தவரைக்கும் பச்சைப் பட்டாணியும் கேரட்டும் முட்டைக்கோஸும் கீரையும் வந்தன. தினம் ஒரு ஆரஞ்சு, அதையும் பிழிந்து சாறாகக் குடிக்கக் கூடாது, சுளை சுளையாக உரித்துத் தின்ன வேண்டும். அரிசி தீட்டாத அரிசியாக மாறியது. வாரத்தில் நாலு நாள் ஏதாவது ஒரு பயறு. காலை ஏழரைக்குக் கஞ்சியோ முட்டையோ ஒரு பழத்தோடு, அது வயிற்றுக்குள் போகாமல் வாசலைத் தாண்ட முடியாது. ராத்திரிச் சாப்பாடு பத்திலிருந்து எட்டுக்கு வந்தது. சாப்பிட்டதும் இரண்டு பேரும் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். நடக்கும்போதுதான் தெரிந்தது, பல வருஷமாக அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து எங்கேயும் நடந்ததே இல்லை.

"தட்டுல பாதி காயா இருக்கணும்" என்று தராசக்கா சொன்னார். மாஸ்டர் அளவில்லாமல் எதையும் செய்கிற ஆள் இல்லை. மறுநாள் தட்டில் தையல் சாக்கட்டியால் நேராக ஒரு கோடு போட்டு, ஒரு பாதியை மறுபடி இரண்டாகப் பிரித்து, சோறு இங்கே, பயறு அங்கே, காய் இந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாக்கைத் திங்கப்போறீங்களா?" என்று தராசக்கா தட்டைப் பிடுங்கிக் கழுவினார். பிறகு பார்த்தால் மாஸ்டர் தட்டு விளிம்பில் ஆணியால் மூன்று சின்னக் கீறல் போட்டு வைத்திருந்தார். விளிம்புக்கு விளிம்பு கண்ணாலேயே கோடு போட்டுக்கொள்வார். மெல்லுவதற்கும் ஒரு கணக்கு வைத்தார். "நல்ல தையல்னா இஞ்சுக்குப் பன்னெண்டு விழணும். அவசரத்துல ஆறு விழுந்தா பிரிஞ்சுடும்" என்று, அதற்கு இரட்டிப்பாக வாய்க்கு இருபத்துநாலு கடி. முதல் வாரம் அவர் உதடு எண்ணிக்கொண்டே அசைவதைப் பார்த்துத் தராசக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் எண்ணுவது நின்றுபோனது. "இந்தப் பட்டாணி இனிக்குது, தெரியுமா?" என்றார் மாஸ்டர், ஏதோ புதுசாகக் கண்டுபிடித்தவர் மாதிரி.

"இருபத்திரெண்டு வருஷமா இனிக்குது" என்றார் தராசக்கா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார், சந்தோஷம் தெரிந்துவிடும் என்று.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. மூன்றாவது மாதம், ஏப்ரலில் புது வகுப்பு தொடங்குகிற பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம் வந்தது. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் லீவில் ஒரே சமயத்தில் வளர்ந்துவிட்டார்கள். யூனிபாரம் மூட்டைகள் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டன. மாஸ்டர் பழைய மாஸ்டராகிவிட்டார். டிபன் பாக்ஸ் மறுபடியும் மிஷினுக்கு அடியில் தூங்கப் போனது. முதல் நாள் ஒரு பன். அடுத்த நாள் மூன்று. மூன்றாவது நாளிலிருந்து எண்ணவில்லை. வீட்டுக்குத் திரும்ப ராத்திரி பத்தரை. பத்து நாள் இந்தக் கூத்து நடந்தது. பேன்ட் இடுப்பைப் பிடிக்க ஆரம்பித்தது. பழைய நாளாக இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. இப்போது பிரித்துவிட உள்ளே துணி இல்லை.

பதினோராவது நாள் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் யூனிபாரம் பேன்டோடு வந்தார். பழைய வாடிக்கையாளர். நீளம் குறிக்க மாஸ்டர் அவர் கால் பக்கம் குனிந்தார். 'டப்' என்று ஒரு சத்தம். மாஸ்டருடைய இடுப்பு பட்டன் பறந்து போய் இன்ஸ்பெக்டரின் பூட்ஸில் பட்டுச் சுழன்று நின்றது.

இன்ஸ்பெக்டர் அதை எடுத்து இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "மாஸ்டர், இது யாரோடது?"

மாஸ்டர் ஒரு கையால் பேன்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். 'துணி சுருங்கிப்போச்சு' என்ற வசனம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை மென்று விழுங்கினார்.

"என்னோடதுதான் சார். பத்து நாளா பன்னாத் தின்னேன். துணி மேல ஒரு தப்பும் இல்லை."

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கொஞ்சம் யோசித்து, தணிந்த குரலில் கேட்டார்: "அப்ப என் துணி?"

"உங்க துணியும் நல்ல துணி சார்" என்றார் மாஸ்டர்.

அன்றைக்கு மத்தியானம் சரியாக ஒரு மணிக்கு மாஸ்டர் மிஷினை நிறுத்தினார். ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். ஒரு அட்டையில் சாக்கால், 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றரைக்கு வாருங்கள்' என்று எழுதி மாட்டினார். முப்பது வருஷத்தில் பகல் வேளையில் அந்த ஷட்டர் இறங்கியது அதுதான் முதல் தடவை. வெட்டு மேசையிலிருந்து துணிகளை ஒதுக்கி, சுத்தமான ஒரு துணித்துண்டை விரித்து, டிபன் பாக்ஸைத் திறந்தார். பூசணிக்காய், பச்சைப்பயறு, தீட்டாத அரிசிச் சோறு, ஓரத்தில் நறுக்கிய வெள்ளரி. வெயில் காலம் வந்துவிட்டது என்று அவருக்கு அந்த வெள்ளரியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். ஷட்டருக்கு அடியில் ஒரு தலை நுழைந்தது. எதிர்க் கடை பேக்கரிக்காரர். "என்ன மாஸ்டர், உடம்பு சரியில்லையா? பதினொரு மணி டீயும் கேக்கலை, பன்னும் கேக்கலைன்னு பார்த்தேன்."

"சாப்பிடுறேன். நீங்களும் வாங்களேன்."

பேக்கரிக்காரர் கொஞ்சம் தயங்கினார். போய்த் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். திறந்தால் வேகவைத்த சோளம், கொண்டைக்கடலை, தக்காளி, இரண்டு வாழைப்பழம். மாஸ்டர் வாயைப் பிளந்தார். "உங்க கடைப் பன் எங்கே?"

"நான் என் கடைப் பன்னைத் தின்னு பதினஞ்சு வருஷமாச்சு மாஸ்டர்" என்றார் பேக்கரிக்காரர், ரொம்ப இயல்பாக.

"பாவி! இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீங்க என் தொந்தியைப் பார்த்து, துணி சுருங்கிப்போச்சுன்னு சொன்னீங்களே, அந்த மாதிரிதான். வியாபாரம்."

இருவரும் சோளத்தைக் கடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து இன்ஸ்பெக்டரும் செவ்வாய், வியாழக்கிழமைகளில் ஷட்டருக்கு அடியில் குனிந்து வர ஆரம்பித்தார். குனிய முடிகிறதே என்று அவருக்கே சந்தோஷம். வேலை தங்கிப்போகும் என்று மாஸ்டர் பயந்தார். ஒன்றும் தங்கவில்லை. ஒன்றரைக்கு மேல் கை முன்னைவிடச் சுத்தமாக ஓடியது. தராசக்கா டிபன் பாக்ஸில் தர்பூசணித் துண்டுகளைக் கூடுதலாக வைக்கத் தொடங்கினார், "உங்க மேசைக்கு எத்தனை பேரு இன்னைக்கு?" என்று கேட்டுக்கொண்டே.

நாலு மாதம் முடிந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த ஒரு நாள் மாஸ்டருக்கு ஒரு யுகமாகப் போனது. டாக்டர் கண்ணையும் பார்க்கச் சொல்லியிருந்தார். கண்ணில் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, உள்ளே பார்த்தார்கள். அந்தக் கால் மணி நேரமும் மாஸ்டர் நாற்காலிக் கைப்பிடியை விடவே இல்லை. துணிப்பந்தும் இருபது ஊசியும்தான் நினைவில் ஓடின.

மறுநாள் சாயங்காலம் தராசக்கா மண்டியிலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்துவிட்டார், முந்தானையில் கொத்தமல்லி வாசனையோடு. நர்சம்மா சீட்டை விரித்தார். "அஞ்சு புள்ளி ஆறு. வாசப்படியை விட்டு இறங்கிட்டீங்க சார். கண்ணுல ஒரு பழுதும் இல்லை. ஆனா இதே மாதிரி இருக்கணும், வருஷா வருஷம் வந்து பார்த்துக்கணும்." பிறகு டேப்பை எடுத்தார். மாஸ்டர் கையைத் தூக்கிக்கொண்டு, வயிறு இருக்கிற இடத்திலேயே காட்டினார்.

"முப்பத்தொம்போது."

"உங்க டேப் சரியான டேப்புங்க" என்றார் மாஸ்டர். வெளியே வந்து, வராந்தாவில் நாலு பேர் பார்க்கத் தராசக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. வீடு வரைக்கும் அப்படியே நடந்தார்கள்.

வீட்டில் முதல் வேலையாக, இடுப்பில் நிற்காமல் பெல்ட்டின் தயவில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பேன்டை எடுத்துத் திருப்பினார். மிஷினைத் தொடவில்லை, இதைக் கையால்தான் தைப்பேன் என்றார். ஜன்னல் பக்கம் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. ஊசியைத் தூக்கிப் பிடித்தார். நூல் நுனியை நாக்கில் நனைத்தார். தராசக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றார். நூல் ஒரே தடவையில் ஊசிக் காதுக்குள் போய் அந்தப் பக்கம் வந்தது.

மாஸ்டர் கொஞ்ச நேரம் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தைத்தார். இடுப்பை உள்ளே பிடித்தால் துணி எங்கே போகும்? உள்ளேதான் போகும். தைத்து முடித்தபோது பின்தையலுக்குள் மறுபடியும் இரண்டு விரல் துணி சேர்ந்திருந்தது. தராசக்கா அதைப் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார். எழுந்து போய்க் கத்தரியை எடுத்து வந்து நீட்டினார்.

"இருக்கட்டும் விடுங்க" என்றார் தராசக்கா. "இனிமே எனக்கு நம்பிக்கை இருக்கு."

"எனக்கு என்னைத் தெரியும்மா. இந்த ரெண்டு விரல் துணிக்குள்ளதான் நான் பத்து வருஷம் ஒளிஞ்சிருந்தேன். வெட்டு."

இந்தத் தடவை அவர் சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. பேன்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொடுத்தார். தராசக்கா நேராக வெட்டினார். துணி ஒரு நாடா மாதிரி தரையில் விழுந்தது. மாஸ்டர் அதை எடுத்து உருட்டி, உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்து ஒரு சின்னப் பந்தாக்கி, கோத்த அந்த ஊசியை அதில் குத்தி வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி எட்டாகுது. இன்னைக்கு எந்தக் கூடை வழிஞ்சுது?"

"கத்தரிக்காய்" என்றார் தராசக்கா. மாஸ்டர் போய்த் தட்டுகளை எடுத்து வைத்தார்.